‘அதாவது’ அமையும் இடம்: கான்சாபுரச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நாள் முழுக்க உழைத்தும் ஆய்வாளர் கண்ணில் அதிகம் படாத சொல் ‘அதாவது’. அதன் இருபுறமும் நிற்பவை தராசுத் தட்டுகள்போல் எடை ஒத்திருக்க வேண்டும்; பின்னது முன்னதைவிடத் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்தின் பெயரே போதும். அது கான்சாகிபின் பெயரால் வந்தது என்பார்கள். கான்சாகிப், அதாவது முகமது யூசுப் கான், அதாவது மருதநாயகம், அதாவது மதுரையில் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட கம்மந்தான். மூன்று ‘அதாவது’ வந்தும் ஆள் ஒருவரே. ஒவ்வொன்றும் ஒரு புதுச் செய்தியைத் தருகிறது. அணைகளின் கதையும் இதுதான். ‘பெரியாறு அணை நிரம்பியது’ என்று இவ்வூர்க்காரர் எழுதினால், வெளியூர்க்காரர் முல்லைப் பெரியாற்றை நினைத்துக்கொள்வார். ‘அதாவது பிளவக்கல்லில் உள்ளது’ என்று சேர்த்தால் ஒரு மாவட்டக் குழப்பம் தீரும்.

குற்றம் எங்கே நிகழ்கிறது? ‘மழை பொய்த்தது, அதாவது நெல் விளையவில்லை’ என்று எழுதுகிறவர் காரணத்தையும் விளைவையும் ஒன்றாக்கிவிடுகிறார். மழை பொய்த்தாலும் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த வயல் உண்டு. அங்கே வேண்டியது ‘அதனால்’. ‘விருதுநகர் மாவட்ட அணைகள், அதாவது பிளவக்கல்’ என்பவர் எடுத்துக்காட்டை முழுப் பட்டியலாக்கி, மற்ற அணைகளை ஒரே சொல்லால் வற்றடித்துவிடுகிறார். ஆங்கிலம் எழுதும் நம் மாணவர்கள் ‘ஈ.ஜி.’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ.ஈ.’ போடுவதும் இதே நோய்தான்: முன்னது ‘எடுத்துக்காட்டாக’, பின்னது ‘அதாவது’. ‘இன் அதர் வேர்ட்ஸ்’ என்று தொடங்கிவிட்டு, முன்பு சொல்லாத முடிவு ஒன்றை நுழைப்பவர்களும் உண்டு. இதில் கான்சாபுரத்துக்குத் தனி மனக்குறை இருக்க நியாயம் உண்டு. 2025இல் கூமாப்பட்டி இணையத்தில் கொடிகட்டிப் பறந்த பிறகு, ‘கான்சாபுரம், அதாவது கூமாப்பட்டி பக்கம்’ என்று சொல்வது எளிதாகிவிட்டது. பக்கத்து ஊர் என்பது முகவரிக்கு உதவும். அதுவே ஊர் ஆகிவிடாது.

‘கூறியது கூறல்’ குற்றம் என்று நன்னூல் சொல்லியிருக்க, திருப்பிச் சொல்லும் சொல்லுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்கலாம். அந்நூலில் பவணந்தியார் அடுக்கிய பத்துக் குற்றங்களில் ‘குன்றக் கூறல்’, ‘மயங்க வைத்தல்’ ஆகியவையும் இருக்கின்றன. மயக்கம் தீர்ப்பதற்காகத் திரும்பச் சொல்பவரைத் தண்டித்துவிட்டு, மயங்க வைத்தவரை விட்டுவிட முடியாது. குறளின் அதிகாரங்களுக்கு முன்னே ‘அஃதாவது’ என்று உரையாசிரியர் பரிமேலழகர் தொடங்குகிறாரே என்பது அடுத்த தடை. அவர் விரிப்பது அதிகாரத் தலைப்பை. ஓரிரு சொல்லில் அடங்கிய தலைப்புக்கு விளக்கம் வேண்டும்தான். முழு வாக்கியத்தைத் தெளிவாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதற்கு உரையெழுதுகிறவர் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது. மேடைப் பேச்சாளர்களின் ‘அதாவது வந்து’ இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அது மூச்சு வாங்கும் இடம். எழுத்துக்கு மூச்சு வாங்காது.

ஆகவே எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். ‘அதாவது’ என்று எழுதியதும் அதை விரலால் மறைத்து, அவ்விடத்தில் ‘அதனால்’, ‘எடுத்துக்காட்டாக’ இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தினால் அதையே எழுதுங்கள். இரண்டும் பொருந்தாமல், பின்பாதி புதிதாக எதையும் தெளிவாக்கவும் இல்லை என்றால், பின்பாதியை அடித்துவிடுங்கள். முன்பாதிதான் புரியவில்லை என்றால் அடிக்க வேண்டியது அதை.