அடுத்த ஊர்தான்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரமும் அதே தூரம்தான் என்று நெடுஞ்சாலைத் துறை வேண்டுமானால் நம்பட்டும். அரை டிக்கெட் வயதில் நான் நம்பியதில்லை.

அத்தை வீட்டுக்குப் போகும் பஸ் நகரவே நகராது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை தெரிந்ததுமே, "இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று ஆரம்பிப்பேன். "இதோ, அடுத்த ஊர்தான்." அடுத்த ஊர் விக்கிரவாண்டியாக இருக்கும். வெள்ளரிப்பிஞ்சும் வேர்க்கடலையும் ஜன்னலுக்கு வரும். டிரைவர் டீக்கு இறங்கிவிடுவார். மறுபடி கேட்டால் மறுபடியும் அடுத்த ஊர். கூட்டேரிப்பட்டில் மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு இன்னும் அடுத்த ஊர்தான். திரும்பும்போதோ, அத்தை கட்டிக்கொடுத்த முறுக்கு தீர்வதற்குள் விழுப்புரம் வந்துவிடும்.

அப்பாவோடு போனால் இந்த மாயம் நடக்காது. "ஒன்றரை மணி நேரம் ஆவும். பேசாம உக்காரு" என்று ஏறும்போதே சொல்லிவிடுவார். போக்கும் வரத்தும் ஒரே அளவு சலிப்பு.

பார்த்த வழி என்பதால் சுருங்குகிறது என்பார்கள். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்து நீல்ஸ் வான் டெ வென் குழு 2011இல் அதை மறுத்தது. பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஆட்களை அனுப்பிக் கேட்டதில், திரும்பும் பயணம் சராசரியாக 22 சதவீதம் குறைவாகத் தோன்றியதாம். அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பினாலும் அப்படித்தான். போகும்போது நினைத்ததைவிட இழுக்கிறது, அந்தச் சூட்டில், வரும்போதும் இழுக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்கிறோம், அவ்வளவு இழுப்பதில்லை. 'நேரமாகும்' என்று முன்பே சொல்லிவிட்டால் இந்த மயக்கம் வருவதில்லை. ஆக, வரும் வழியைச் சுருக்கியது அம்மாவின் பொய். அப்பாவின் உண்மையால் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை.

இப்போது நான்குவழிச் சாலை, ஃபாஸ்டேக். காரில் ஏறியதும் செல்போன் 40 நிமிடம் என்கிறது. அப்பாவேதான், கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. நான் அம்மா கட்சி. "அடுத்த ஊர்தான்" என்று பேத்தியிடம் ஆரம்பித்தால், "இல்ல தாத்தா, இன்னும் 26 நிமிஷம்" என்று திரையைக் காட்டுகிறாள். சீக்கிரம் போகிறோம், சீக்கிரம் வருகிறோம். வரும் வழி மட்டும் சுருங்க மாட்டேன் என்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் இன்னும் விசேஷம். பாதிச் சென்னை தெற்கே கிளம்பி விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வந்து நிற்கும். மாலையில் திண்டிவனத்திலிருந்து வீடு திரும்புகிறவரும் அதன் வாலில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். டில்பர்க்காரர்களை ஒரு தீபாவளிக்கு இங்கே வரவழைக்கலாம். சைக்கிளும் கொண்டுவரட்டும், அதுதான் முதலில் போய்ச் சேரும்.