கேக்குதா ப்ரோ?

ஒவ்வொரு பைக் குழுவிலும் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் ஒருவர் இருப்பார். யாரும் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பதில்லை, அவராகவே பொறுப்பேற்றுக்கொள்வார். விடியற்காலை நாலு மணிக்குப் பெருங்களத்தூரில் மற்றவர்கள் டீ கிளாஸோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நிற்பவரிடம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் இன்டர்காமில் "ப்ரோ, கேக்குதா?" என்பார். கேட்கும். இன்டர்காம் இல்லாமலே கேட்கும்.

அமைச்சரின் பணி முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. "எல்லாரும் ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டாந்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று வாட்ஸாப்பில் உத்தரவு போடுவார். ஹாலில் செய்தித்தாளை விரித்து, கன்னத்துப் பஞ்சுகளை 'டப் டப்' என்று பிடுங்குவார். உள்ளே ஸ்பீக்கரை வெல்க்ரோவால் ஒட்டி, ஒயரைத் துணிக்கடியில் செருகி, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதியில் குட்டி மைக்கையும், திறந்த ஹெல்மெட் என்றால் கம்பி வைத்த மைக்கையும் பொருத்துவார். பிடுங்கிய பஞ்சு மட்டும் திரும்ப உட்காராது. காபி கொண்டு வரும் அவர் மனைவி, சோபாவில் கிடப்பதைத் தள்ளிவிட்டு, "இது யாரோட தலைங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் சத்தம் பாதியாகிவிடும். கம்பெனியைத் திட்டுகிறவர்களில் பலருக்குக் கோளாறு அங்கேதான். அதனால் உங்கள் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, உள்ளே விரலை விட்டு, காது எங்கே இருக்கிறது என்று தேடுவார். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேரிங், அதாவது கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பது. பட்டனை அமுக்கிப் பிடித்தால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும். எல்லாரும் ஒரே கம்பெனிக் கருவி வைத்திருந்தால் வேலை சட்டென்று முடிந்து அமைச்சர் முகம் வாடிவிடும். யாராவது ஒருவர் வேறு கம்பெனி வாங்கி வந்திருக்க வேண்டும். அப்போதுதான் களை கட்டும். பல கருவிகள் வேற்றுக் கம்பெனியைச் செல்போன் என்று நினைத்துக்கொண்டுதான் சேர்த்துக்கொள்ளும். நிஜ போனுக்கு இடம் போய்விடும்; வழி சொல்லும் மேப் அம்மா ஊமையாகிவிடுவார். இதற்குத் தீர்வு காண்பதற்குள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

நடுவில் வகுப்பும் உண்டு. "பழைய புளூடூத்ல ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்ச மாதிரி ப்ரோ. நடுவுல ஒருத்தன் பெட்ரோல் போட நின்னா, பின்னாடி இருக்கறவன் கட். 2015ல கார்டோ கம்பெனிக்காரன் மெஷ் கொண்டாந்தான் பாருங்க, எவன் கழண்டாலும் அது வேற வழி கண்டுபிடிச்சுக்கும்." இவ்வளவும் உண்மைதான்.

சாலையில் இறங்கியதும் நேர்முக வர்ணனை ஆரம்பம். "லெஃப்ட்ல லாரி... ரைட்ல மாடு..." பள்ளம் வந்தால் காலை நீட்டிக் காட்டுவது பழைய வழக்கம். அதற்கு வாய் தேவையில்லை. இப்போது "பள்ளம் ப்ரோ!" என்று குரல் வரும்போது உங்கள் பின் சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறிக்கொண்டிருக்கும். இதற்கிடையில் மைக் திறந்திருப்பதை மறந்து அவர் பாட்டை முணுமுணுப்பது தனிக் கணக்கு. திருவிழா மைக் செட்காரராவது பந்தலுக்கு வந்தவர்களுக்குத்தான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்வார். இவர் நம் காதுக்குள்ளேயே ஸ்பீக்கர் கட்டியவர்.

பெரும்பாலான கருவிகளில் ஒரு முன்னுரிமை வரிசை உண்டு: போன் அழைப்பு வந்தால் இன்டர்காம் ஒதுங்கிவிடும். "கேஸ் புக் பண்ணீங்களா?" என்று அவர் வீட்டிலிருந்து அழைப்பு வரும். அந்த இரண்டு நிமிட அமைதிக்காகக் குழுவே அந்த அம்மாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

அதே வரிசையில், கருவிக்குள் இருக்கும் எஃப்.எம். ரேடியோவுக்கு இன்டர்காமுக்குக் கீழேதான் இடம். திண்டுக்கல்லை நெருங்கும்போது கொடைக்கானல் பண்பலை 100.5ல் பளிச்சென்று கிடைக்கும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. மலை மேல் நிற்கும் கோபுரத்துக்குச் சமவெளி முழுக்கக் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் வத்தலக்குண்டு தாண்டி அதே மலையில் ஏறினால், பாறை மறைக்கும் வளைவுகளில் பாட்டு விட்டு விட்டு வரும். ஒரு வழியாகத் தெளிந்து, இளையராஜாவின் பல்லவி முடிந்து, சரணத்துக்கு முந்தைய வயலின் எழும்பும் நேரத்தில் அமைச்சர் குறுக்கிடுவார்: "ப்ரோ, பாட்டு கேக்குதா?" அந்தக் கேள்வி வந்ததும் பாட்டு நின்றுவிடும். ரேடியோவைவிட இன்டர்காம் உசத்தி அல்லவா!

கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் இறங்குவதை முன்னால் போகிறவர் சொன்னால் பின்னால் வருகிறவர் பிழைப்பார். கருவி அதற்குத்தான். ஆகவே கழற்றி வைத்துவிடாதீர்கள். அமைச்சரை மட்டும் கடைசி வண்டியாக வரச் சொல்லுங்கள். பெட்டியில் ஒன்றரை கிலோமீட்டர் என்று போட்டிருப்பதெல்லாம் திறந்த வெளிக்கு. மலைப் பாதையில் இரண்டு வளைவு பின்தங்கினாலே குரல் அறுந்துவிடும். ஆனால் நடுவில் குழுவின் வேறு வண்டி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், மெஷ் அவர் குரலைக் கைமாற்றிக் கைமாற்றி உங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும்.