மின்னல் தாக்காமல் இறந்தவர்கள் சார்பில் ஒரு மனு

பெறுநர்: வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: புற்றுநோயில் தாயையோ தந்தையையோ பறிகொடுத்த குடும்பங்கள் – இறந்தவர் சாகும் விதத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது – பிழை பொறுத்தருள வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

திருவதிகையிலிருந்து எழுதுகிறேன். பண்ருட்டி நகராட்சிக்குள், கெடிலக் கரையில் இருக்கும் ஊர். எங்கள் ஊரின் மிகப் புகழ்பெற்ற நோயாளி திருநாவுக்கரசர். சூலை நோய் முற்றி வந்தவருக்கு அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்தார், தம்பி வீரட்டானேசுவரரைப் பாடினார், வலி தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். முன்பணம் கட்டச் சொன்னதாகவோ அக்கா தோட்டை அடகு வைத்ததாகவோ சேக்கிழார் எழுதவில்லை. அது ஏழாம் நூற்றாண்டு. இப்போது வயிற்றில் கட்டி என்று தெரிந்தால் எங்கள் பக்கத்து மக்கள் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பஸ் ஏறுகிறார்கள். பிழைத்து வருபவர்களும் உண்டு. பிழைக்காதவர்களின் வீட்டில் மிஞ்சுவதைப் பற்றித்தான் இந்த மனு.

தங்கள் கையால் போய்ச் சேரும் நிவாரணத் தொகைகளைப் பொறுமையாகப் படித்தேன். மின்னல் தாக்கியோ வெள்ளத்தில் சிக்கியோ ஒருவர் இறந்தால், பேரிடர் நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு ரூ.4 லட்சம். கொரோனாவில் இறந்திருந்தால் அதே நிதியிலிருந்து ரூ.50,000. 2024 ஜூனில் பக்கத்தில் கள்ளக்குறிச்சியில் கள்ளச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் என்று அரசு அறிவித்தது. புற்றுநோயில் இறந்தவருக்கு? அவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்திருக்க வேண்டும், வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவராக இருந்திருக்க வேண்டும், வயது 18க்கும் 59க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். அத்தனையும் பொருந்தினால் தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் ரூ.20,000. 2012இல் பத்தாயிரத்தை இருபதாக்கினார்கள், அதோடு சரி. அறுபது முடிந்து இறந்தவர் அதையும் கோட்டை விடுகிறார். இதே கடலூர் மாவட்டத்தில், 2023 ஜூலையில், கால்வாய் வெட்டுவதற்காக என்எல்சி நிலக்கரி நிறுவனம் வளையமாதேவி நெல்வயலில் பொக்லைனை இறக்கியது நினைவிருக்கும். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு ரூ.40,000 தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. விவசாயிக்கு அது போதாது என்பதே என் கட்சி. ஆனாலும் கணக்கு என்று பார்த்தால், ஒரு குடும்பத் தலைவர் அரை ஏக்கர் நெல்.

கள்ளக்குறிச்சிக் குடும்பங்களுக்கோ மின்னலில் மாண்டவர் வீட்டுக்கோ கொடுத்ததைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. நிவாரணம் இழப்பை ஈடுகட்டத்தான் என்றால், எவ்வளவு இழந்தார்கள் என்று பார்க்க வேண்டும். தாங்கள் பார்ப்பது சாவின் வேகத்தை. மின்னல் ஒரு நொடியில் ஆளை எடுத்துக்கொள்கிறது, ஆனால் பீரோவைத் திறப்பதில்லை. நகை நகையாகவே இருக்கிறது, மனைப் பத்திரம் இருந்த இடத்தில் இருக்கிறது. புற்றுநோய் வேலை செய்யும் ஒழுங்கு வேறு. முதலில் சீட்டுப் பணம், அப்புறம் நகை, அப்புறம் கறவை மாடு, அப்புறம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது, கடைசியில் பத்திரம் என்று வரிசையாக வாங்கிக்கொண்டு, இனி எடுக்க ஒன்றுமில்லை என்ற நாளில்தான் ஆளை எடுக்கிறது. ஆக, அதிகம் இழந்த வீட்டுக்குத்தான் தங்கள் கை குறைவாக நீள்கிறது.

இதைக் கேட்டதும் தாங்கள் சொல்லப்போவது தெரியும்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை உண்டே? உண்டு. நல்ல திட்டம். அது இல்லாவிட்டால் இந்த மனுவை எழுத வேண்டியவர்கள் இன்னும் பல மடங்கு இருந்திருப்பார்கள். ஆனால் அதற்குள் நுழைய ஆண்டு வருமானம் ரூ.1,20,000ஐத் தாண்டக்கூடாது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் கூலி வாங்கி நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் தங்கள் கணக்கில் வசதியானவர். உள்ளே நுழைந்தவருக்கும் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொள்வது படுக்கையில் கிடப்பவரை மட்டும். மத்திய அரசின் 2017–18 தேசிய மாதிரி ஆய்வைப் பாருங்கள்: அரசு மருத்துவமனையில் ஒருமுறை படுத்து எழுந்தால் சராசரியாக ஆன மருத்துவச் செலவு சுமார் ரூ.4,450. அதே அரசு மருத்துவமனையில் புற்றுநோய்க்கு ரூ.22,500. தனியாரில் ரூ.93,000. இது ஒரு தடவைக்கு, புற்றுநோயோ ஒரு தடவையில் விடும் நோயல்ல. ஆயுஷ்மான் பாரத் வருவதற்கு முந்தைய கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் போய்வர வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். கூடப் போகிறவரின் கூலி, தங்கும் அறையின் வாடகை, வெளியே சீட்டு எழுதி வாங்கச் சொன்ன மருந்து எல்லாம் காப்பீட்டு அட்டைக்கு வெளியே நிற்பவை. ரயில்வே பரவாயில்லை, சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால்வாசிச் சலுகை. துணைக்கு ஒருவர் போவார், அவருக்கும் செலவு உண்டு என்று ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம்: மின்னல் சொல்லாமல் வருவது, புற்றுநோய் சொல்லிவிட்டு வருவது, முன்கூட்டியே தெரிந்த சாவுக்குக் குடும்பம் தயாராகியிருக்கலாமே. தயாராகத்தான் செய்தார்கள். அந்தத் தயாரிப்புக்குப் பெயர்தான் கடன். அம்மாவுக்கு இன்னும் ஒரு கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லும்போது, வேண்டாம், நாங்கள் நிதி ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கிறோம் என்று எந்தப் பிள்ளை சொல்லும்? சட்டம் இந்த இடத்தில் மிகப் பெருந்தன்மையானது. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய இந்து சட்டக் கடமையை 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தம் எடுத்துவிட்டது. அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மேல் பிள்ளையைக் கேட்க முடியாது. ஆனால் சாகக் கிடக்கும் அப்பாவுக்கு எவன் கடன் கொடுப்பான்? கடன் மகன் பெயரில், நகை மருமகளுடையது, சுயஉதவிக் குழுவில் கையெழுத்து அம்மாவுடையது. சட்டம் விடுவித்தது செத்தவரின் கடனிலிருந்து. இவர்கள் கட்டிக்கொண்டிருப்பது உயிரோடு இருப்பவர்களின் கடன். கணவரை இழந்தவருக்கு 2023இல் மாத உதவித்தொகையை ரூ.1,200 ஆக்கியிருக்கிறீர்கள். லட்ச ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் ரூ.2,000. உதவித்தொகை கைக்கு வந்த பிறகும் வட்டியில் எண்ணூறு துண்டு விழுகிறது.

ரிசர்வ் வங்கிக்கும் இரக்கம் உண்டு. இறந்தவரின் வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை, ஆவணங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வங்கிகளுக்குக் கெடு வைத்தது. கணக்கில் ஏதாவது இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. நோயில் சாவது இயற்கை, அதைப் பேரிடர் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் கஜானா தாங்குமா? இதே கேள்வியை 2021இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுப்பியது. கொரோனாவுக்கு ரூ.4 லட்சம் கொடுக்க முடியாது என்றது. நான்கு லட்சம்தான் என்று கட்டாயப்படுத்த மாட்டோம், ஒரு தொகையை நீங்களே நிர்ணயியுங்கள் என்றது நீதிமன்றம். ரூ.50,000 நிர்ணயமானது, நிதி திவாலாகவில்லை. ஆக, ஒரு நோய் பேரிடராக முடியும், அதற்கு நான்கு லட்சத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு தொகை இருக்க முடியும் என்பது தீர்ந்துபோன வழக்கு. கொரோனா தொற்றியது, ஊரையே முடக்கியது, அதனால் அது தனி என்பீர்கள். நாட்டை முடக்கினால்தான் பேரிடர் என்றால் மின்னல் எந்த நாட்டை முடக்கியது?

எனவே பணிவாகக் கேட்பது கொஞ்சம்தான். 59 என்ற வயது வரம்பைத் தூக்கும்படி தில்லிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அறுபத்திரண்டு வயதில் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போன அப்பாவின் வருமானமும் வருமானம்தான். இருபதாயிரத்தை, கொரோனா அளவுக்காவது, ஐம்பதாக்குங்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: சிகிச்சைக்காக வாங்கிய கடன் எவ்வளவு, யார் பெயரில், என்ன வட்டி. நிலம் எடுக்கும்போது பலா எத்தனை, முந்திரி எத்தனை என்று மரம் மரமாக எண்ணி விலை போட்டுப் பழகிய துறைக்கு இது பெரிய வேலையல்ல. அந்தக் கட்டத்தை நிரப்ப எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிராம நிர்வாக அலுவலரின் உதவி தேவைப்படாது. அசலும் வட்டியும் அவர்களுக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
திருவதிகைவாசி