புலம்பெயர்ந்த கடதாசி

கலவானப் பக்கத்துத் தோட்டங்களில் ஆய்வுக்காரர் வருவதை முதலில் அறிவது லயத்து நாய்கள், அடுத்தது பிஸ்கட் வாசம் பிடிக்கும் பிள்ளைகள். பெரிய வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டி, 'இளைஞர் அபிலாஷைகள்' என்று கலர் பேனையால் எழுதுவார்கள். பிறகு கேள்வித்தாள் விரியும். முதல் கேள்வி: "உங்கள் குடும்பம் இங்கே எப்போது புலம்பெயர்ந்தது?"

பதில் சொல்ல வேண்டியவன் பதினெட்டு வயதுப் பையன். அப்பன் பிறந்தது அதே லயம். பாட்டனைப் புதைத்தது மேல் தொங்கலில். 'இந்தக் காம்பரா யார் பேரில் இருக்கிறது?' என்று கேட்டிருந்தால் அவன் பேசியிருப்பான். அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

2005 முதல் ஜெர்மனியில் ஒரு கணக்கு உண்டு: தாயோ தகப்பனோ பிறப்பாலேயே அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவர் என்றால், பிள்ளைக்குப் 'புலம்பெயர் பின்னணி'. அந்த அளவுகோலை இந்த லயத்தில் வைத்துப் பாருங்கள். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிய குடும்பம்; 2003 சட்டத்தில்தான் தகப்பனுக்குப் பிரஜாவுரிமை. ஆகவே மகன் புலம்பெயர் பின்னணிக்காரன்! ஒருவரும் வாசற்படி தாண்டவில்லை. கடதாசி மட்டும் போய், ஐம்பத்தைந்து வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

தோட்டத்து மக்களான எங்களை எண்ணுவதில் மட்டும் எவரும் குறை வைத்ததில்லை. பெரட்டில் பேர் எழுதுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரசாங்கங்களும் கணக்கப்பிள்ளையிடம்தான் பாடம் படித்திருக்க வேண்டும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களில் 975,000 உயிர்களைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாமாம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள்: நாட்டுக்குப் பாதி. சந்தையில் கோழி விற்பவன்கூட ஒருமுறை கோழியின் முகத்தைப் பார்ப்பான்.

இதே கலவானவுக்கு இரண்டு எம்.பி. வைக்கச் சட்டமூலம் எழுதிய காலமும் உண்டு. 1980, 81 வாக்கில். சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் கைகழுவினார்கள். ஒரு தொகுதிக்கு இரண்டு நாற்காலி தேடிய அந்த நாளில், தோட்டங்களில் எத்தனையோ பேருக்கு ஒரு வாக்குகூட இல்லை. அவர்களுக்காக யாரும் சட்டமூலத்தோடு ஓடவில்லை.

2024 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' பக்கத்தில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் ஏறியது. சந்தோஷம், கலவானவில் மலையைவிட மழையும் அட்டையும்தான் அதிகம் என்றாலும். ஆனால் 2012இல் 4.1 வீதமாக இருந்தவர்கள் இப்போது 2.8 வீதம். 1911 முதல் 'இந்தியர்' என்றே தனியாக எண்ணியதில், எத்தனையோ பேர் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டு அந்தக் கட்டத்தைவிட்டே குடிபெயர்ந்துவிட்டார்கள். புலம்பெயர்வை ஆராய வருகிறவர்கள் இதை ஆராயலாமே! நிதி கிடைக்காது போலும்.

பையன் வாய் திறக்காததால் பேனை அடுத்த காம்பராவுக்குப் போகிறது. தலைக்கயிறும் கூடையுமாக ஒரு கிழவி.

"ஆயா, நீங்க இங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானய்யா. கொழுந்து நிறுத்துட்டு நேரா வாறேன்."

தாளில் 'ஒரு வருடத்துக்குள்' என்று ஒரு கட்டம் இருந்தது. சரி போட்டுக்கொண்டார்கள்.