சுவிட்ச் கேட்கும் கேள்வி

முன்பெல்லாம் திங்கட்கிழமை புது ஆட்கள் சேருகிறார்கள் என்றால், வெள்ளிக்கிழமை இரவே எங்கள் நெட்வொர்க் அணிக்கு வேலை தொடங்கிவிடும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம். தளத்துக்கு ஒரு ரேக், அதில் 48 போர்ட் சுவிட்சுகள். வெளிர்நீலக் கன்சோல் கேபிளைச் செருகி, 9600 வேகத்தில் ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, எக்ஸல் தாளைப் பார்த்துப் பார்த்து அடிப்போம். கணினிக்கு எந்த வீலான் (வலையமைப்பின் தனிப் பிரிவு), போனுக்கு எந்த வீலான், போர்ட்ஃபாஸ்ட், பிபிடியு கார்டு. அடுத்த போர்ட்.

காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் என்ற ஒரு வரி விட்டுப்போனால் போதும். கேபிள் ஏறியதும் ஸ்பானிங் ட்ரீ, எங்காவது லூப் இருக்கிறதா என்று 15 விநாடி கவனிக்கும். அடுத்த 15 விநாடி முகவரிகளைக் கற்கும். அதுவரை அந்தப் போர்ட் வழியே எதுவும் போகாது. கணினியோ அதற்குள் ஐபி கேட்டு அலுத்து, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேபிளை மாற்றுவார்கள், கணினியையே மாற்றுவார்கள். சேர்ந்த முதல் நாளே ஒரு பெண் மதியம்வரை வெற்றுத் திரையின் முன் சங்கடப்பட்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

சிஸ்கோ சுவிட்சுகளின் ஸ்மார்ட்போர்ட் மேக்ரோக்கள் தீர்த்தது இதைத்தான். கணினிக்கு, போனுக்கு, ஆக்சஸ் பாயிண்டுக்கு என்று தனித்தனி ஆயத்தத் தொகுப்பு. வீலான் எண்ணைக் கொடுத்து ஓட்டினால் எல்லா வரிகளும் ஏறிவிடும். அடுத்து வந்த ஆட்டோ ஸ்மார்ட்போர்ட்டில் ஓட்டவும் வேண்டாம். செருகிய கருவி சிடிபி அல்லது எல்எல்டிபி வழியே தன்னை இன்னதென்று சொல்லும். சுவிட்ச் அதற்குரிய மேக்ரோவைத் தானே ஓட்டும். கேபிளைக் கழற்றினால் அந்த வரிகளையும் தானே எடுத்துவிடும். இப்போது சேருகிறவர்கள் தாங்களே போனைச் செருகிக்கொள்கிறார்கள். வெள்ளி இரவு அணிப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு இதில் நிறைவுதான்.

கவலையும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில், "இந்த சீட்ல யாருங்க உட்காரப்போறாங்க?" என்று அட்மின் பிரிவில் கேட்டு, பெயர் வந்த பிறகுதான் போர்ட்டைத் திறப்போம். இன்று அந்தக் கேள்வியைச் சுவிட்ச் கேட்கிறது. கருவி சொல்லும் பதிலை அப்படியே ஏற்கிறது. சிடிபியிலும் எல்எல்டிபியிலும் அடையாளத்தைச் சரிபார்க்க வழி கிடையாது. ஒரு மடிக்கணினி தன்னைப் போன் என்று அறிவித்தால், போனுக்கான வீலான் அதற்கும் கிடைத்துவிடும். அதனால் முதலில் 802.1எக்ஸ் மூலம் ஆளையோ கருவியையோ உறுதிசெய்ய வேண்டும். மேக்ரோ அதற்குப் பிறகு. அணியில் புதிதாகச் சேருகிறவர்களிடம் மேக்ரோ ஓடிய போர்ட்டில் ஏறியுள்ள வரிகளைக் காட்டும் 'ஷோ ரன்' கட்டளையைப் போடச் சொல்லி, ஒவ்வொரு வரியும் எதற்கென்று கேட்கிறேன். "அண்ணா, அதான் தானா வந்திருச்சே" என்பார்கள். விடுவதில்லை.

802.1எக்ஸ் இன்னும் வராத தளங்களில் ஆட்டோ ஸ்மார்ட்போர்ட்டை அணைத்தே வைத்திருக்கிறோம். அங்கே மேக்ரோவை ஓட்டுவது எங்கள் கைதான், பெயரைக் கேட்ட பிறகு.