மணப்பாடும் மனப்பாடமும்

கைபேசி வாசிப்புச் செயலிகளில் 'மொழி' என்னும் ஒற்றை அமைப்பின்கீழ் மூன்று வேறு பொருள்கள் திணிக்கப்பட்டுள்ளன: பொத்தான்களும் பட்டியல்களும் எம்மொழியில் தோன்றுவது, எம்மொழி நூல்களை முன்னே காட்டுவது, தேடல் பெட்டியில் இடப்படும் சொல்லை எம்மொழியின் இலக்கணப்படி புரிந்துகொள்வது. இம்மூன்றையும் பிரித்தமைக்க எளிய முறையொன்று உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர், அண்மையில் புதுப்பிக்கப்பட்ட செயலி ஒன்று, 'மணப்பாடு' என்று தேடிய வாசகரிடம் "மனப்பாடம் என்று தேடினீர்களா?" எனக் கேட்டு, விடைக்குக் காத்திராமல் பொதுத்தேர்வுக் கையேடுகளையும் நினைவாற்றல் பயிற்சி நூல்களையும் அடுக்கிக் காட்டியதைப் பதிவு செய்தல் தகும்.

இதற்குக் காரணம் 'எழுத்துத் தொலைவு' என்னும் கணக்கு; அதாவது, ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணி, தொலைவு குறைவாகவும் தேடுவோர் கூட்டம் மிகுதியாகவும் உள்ள சொல்லே வாசகர் கருதியது என்று முடிவு கட்டுவது. மணப்பாட்டிலிருந்து மனப்பாடத்துக்கு மூன்றே திருத்தங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும் உடைய ஓர் ஊர் இவ்வாறு எழுத்துப்பிழை ஆயிற்று. ஆனால் அவ்வூரைப் பற்றிய நூலின் உள்ளே 'மணப்பாட்டில்', 'மணப்பாட்டார்' என்று பக்கத்துக்குப் பக்கம் கிடப்பது அதே செயலியின் கண்ணில் படாது. உருபு ஏறினால் டகரம் இரட்டிக்கும் என்பதை அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. மூன்று எழுத்துகளை மன்னிக்கும் தாராள மனம் ஒரேயொரு 'ட்' வந்ததும் சுருங்கிவிடுகிறது.

ஊர்ப்பெயரின் கதி இதுவெனில் ஆட்பெயரின் கதியைக் கேட்க வேண்டியதில்லை. வல்லநாட்டிலிருந்து குழாய் பதித்துத் தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவை எடுத்துக்கொள்ளலாம். முற்பகுதி குரூஸ், குருஸ், க்ரூஸ், குரூசு என நான்கு வகையில் எழுதப்படும், பிற்பகுதி பர்னாந்து, பர்னாந்தோ, பெர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என ஐந்து வகையில் எழுதப்படும், ஆக இருபது. முன்னால் ஆய்தம் வைத்தாலன்றி ஆங்கில ஒலி வராது என்று கருதுவோரையும் சேர்த்தால் நாற்பது. இரு பகுதிகளுக்கும் நடுவே இடம் விடுவோர், புள்ளி வைப்போர், ஒட்டியே எழுதுவோர் என்று மும்மடங்காக்கினால் நூற்றிருபது. தந்தை பர்னாந்துவாகவும் மகன் பெர்னாண்டோவாகவும் ஒரே திருமண அழைப்பிதழில் அச்சாவதைக் கண்டு முத்துக்குளித்துறைக் கரையில் எவரும் திகைப்பதில்லை. பந்தியில் இருவரும் அருகருகேதான் உட்காருவர். செயலியோ நூற்றிருபதில் ஒன்றை மட்டும் அறிந்திருக்கும். அது எது என்பதை வாசகர் ஊகித்தறிய வேண்டும். எழுத்தாளர் ஜோ டி குருஸின் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டால் நிலைமை இன்னும் விபரீதம்: செயலி முதலிரண்டு எழுத்துகளை 'ஜோடி' என்று பற்றிக்கொண்டு, கடலோடிகளின் வாழ்வைத் தேடி வந்தவர் கையில் காதல் நாவல்களைத் திணிக்கிறது.

தமிழ் எழுத்தை விடுத்து, இன்று தங்கிலீஷ் எனப்படும் ரோமன் எழுத்துத் தமிழில் தேடலாமே என்று சிலர் யோசனை கூறுவர். அம்முறையும் இக்கரைக்குப் புதிதன்று. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறையுரை நூல் ரோமன் எழுத்திலேதான் அமைந்தது, அதை ஆக்கிய மூவருள் ஒருவர் பெயர் தொமா த குருஸ். 1578-இல் இக்கரையில் தொண்டாற்றிய அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாகிவிட்டது. இரண்டுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள்தாம். கப்பல் போக்குவரத்தும் அதற்குள் அடக்கம்.

எழுத்துக்கூட்டல் முற்றிலும் சரியாக இருந்தாலும் தப்பிக்க வழியில்லை. எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுமுறையாகிய ஒருங்குறியில், 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஓர் எண்ணாகவும் பதியலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் ஈரெண்களாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இரண்டையும் ஒருமுகப்படுத்தும் 'இயல்பாக்கம்' என்னும் சிறு வேலையைச் செய்யாத பொறிக்கு இரண்டும் வேறு. எனவே 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை'யை ஒரு விசைப்பலகையில் தேடினால் நூல் இருக்கும், மற்றொன்றில் தேடினால் இராது. இல்லை என்று கூறும்போதும் செயலி சிறிதும் தயங்குவதில்லை என்பதே எரிச்சலூட்டுவது. ஊர் நூலகர்கூட ஒருமுறை அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டே கையை விரிப்பார்.

இனி, மேற்கூறிய எளிய முறைக்கு வரலாம். ஆயினும் முறை எதுவாயினும் அது பெயர்களைத் தாங்க வேண்டுமாதலின், ரொட்ரிகோ, மச்சாது, மிராண்டா, கர்வாலோ ஆகியவற்றையும் கணக்கிட்ட பின்னரே தொடர்தல் முறையாகும். இவற்றுள் ரொட்ரிகோவின் முதலெழுத்திலேயே முன்சொன்ன கொம்பும் காலும் இருக்கின்றன. ஈற்றில் கோ, கோஸ், கஸ், கேஸ் என நான்கு வடிவங்கள். நடுவிலுள்ள 'ட்' சிலரிடம் 'த்' ஆகும், சிலரிடம் 'ட்ரி' முழுவதும் 'டிரி' ஆகும்.