டிரஸர் பார்த்த ஆர்க்கிட்

சீனப் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் பெம்பான் தாமானில் ஆர்க்கிட் செடிகளுக்குக் கெட்டகாலம் தொடங்கிவிடும். பெருநாளுக்கு முன் ஜாசின் கடை வாசல்களில் வெள்ளையும் ஊதாவுமாக நிற்கும் பெலனாப்சிஸ் செடிகள், முதலாளி கொடுத்தது, மகள் வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் நம் வீடுகளுக்கும் வந்து சேரும். துளசிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். வினையே அங்கேதான். துளசிக்கு ஊற்றுகிற கை, அடுத்த சட்டியை மட்டும் தாண்டிப் போகுமா? காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு.

பக்கத்து வீட்டு அக்கா தூக்கிவந்ததும் அப்படி வளர்ந்த செடிதான். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்தவன். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சீசாவிலிருந்து மிக்ஸ்சர் ஊற்றிப் பேர் வாங்கியவன். லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஊருக்கு நான் இன்னும் டிரஸர்தான்.

"டிரஸரண்ணே, இலையெல்லாம் சுருங்கிப் போச்சு. தண்ணி பத்தலையோ?"

இந்த நோயின் குறும்பு அது. தண்ணீர் குறைந்தாலும் இலை சுருங்கும். தண்ணீர் கூடி வேர் அழுகினாலும், உறிஞ்ச ஆளில்லாமல் இலை சுருங்கும். பார்க்கிறவர் இன்னொரு செம்பு ஊற்றுவார்.

சட்டியைக் கவிழ்த்தேன். வழியில் காயாமலிருக்க வேரைச் சுற்றிப் பாசியை அடைத்துத்தான் விற்கிறார்கள். அது அக்காவின் செம்பைக் குடித்துக் குடித்துக் கூழாகிவிட்டிருந்தது. வேரை விரலால் அமுக்குவதுதான் இங்கே நாடி பார்ப்பது. கெட்டியாக இருந்தால் உயிர் உண்டு. அழுகியிருந்தால் மேல்தோல் கழன்று, நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். இந்த நோயாளியிடம் பெரும்பாலும் நரம்புதான்.

பெலனாப்சிஸ் பெரும்பாலும் மண்ணையே தொடாத சாதி. காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வேரைக் காற்றில் விட்டிருக்கும். வேரின் மேல் வெலாமென் என்ற பஞ்சுத்தோல் உண்டு. நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். நனைந்த பிறகு காய நேரம் கொடுக்காவிட்டால் வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நம் ஊர்ச் சாலையோர மரங்களில் புறா ஆர்க்கிட் தொற்றியிருக்கிறதே, அதற்கு எந்த அக்கா செம்பு தூக்கினார்? திடீர் மழையில் வெக்கை தணிந்தால், சுமார் ஒன்பது நாள் கழித்து வட்டாரம் முழுக்க ஒரே நாளில் பூத்து, அன்றைக்கே வாடியும் விடும். நகராண்மைக் கழகத்துக்கு மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

அதற்குள் தாமானே கூடிவிட்டது. ஒருவர் அரிசி கழுவிய தண்ணீர் என்றார், இன்னொருவர் வாழைப்பழத் தோல் என்றார். அக்காவின் வீட்டுக்கார மாமா, பெம்பான் வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு போத்தல் பிடித்து வரட்டுமா என்று மெய்யாகவே கேட்டார். அவருடைய மூட்டுவலி அதில்தான் கேட்டதாம். உரம் வாங்கக் கிளம்பிய தம்பியை நான் தடுத்தேன். வேரில்லாத செடிக்கு உரம் போடுவது பல்போன தாத்தாவுக்கு முறுக்கு வாங்குவது.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, செத்த வேரையெல்லாம் வெட்டினேன். வெட்டுவாயில் பட்டைத்தூள் வைக்கக் கேட்டேன். "பிரியாணியா அண்ணே?" என்றார் அக்கா, ஆனாலும் கொண்டுவந்தார். பூஞ்சணத்தைத் தடுக்கும் என்று செடிக்காரர்கள் வைப்பது. நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும். பிறகு ஓட்டைச் சட்டியில் சாத்தே சுடுகிற கரித்துண்டுகள், அதன்மேல் செடி ஆடாமல் ஒரு கட்டு, நிழல். குளிர்நாட்டுக்காரர்கள் இந்த நிலையில் செடியை ஈரப்பாசியோடு பிளாஸ்டிக் பைக்குள் வைப்பார்கள். பெம்பானில் ஊரே அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

இதுவரை சரி. பூத்தண்டை வெட்ட வேண்டும் என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. தண்டில் இரண்டு பூவும் ஒரு மொட்டும். "உயிரோட இருக்கிற பூவை வெட்டுவாங்களா?" பெலனாப்சிஸுக்குத் தண்ணீர் சேமிக்கத் தடித்த தண்டுக்கிழங்கு கிடையாது; இலையில் உள்ளதுதான் கையிருப்பு, அதையும் பூ தின்றுவிடும் என்று விளக்கினேன். காதில் விழவில்லை. கடைசியில் அந்தப் பூ முருகன் படத்துக்குப் போகும் என்ற உடன்பாட்டில் வெட்டினோம்.

அப்புறம் செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மனிதர்களால் முடியாத காரியம் அது. காலையில் கரியின்மேல் லேசாகத் தெளிப்பு, குருத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது, அவ்வளவுதான். செம்பை என் வீட்டிலேயே பறிமுதல் செய்து வைத்துக்கொண்டேன். அடியிலை ஒன்று மஞ்சளாகி உதிர்ந்தபோது அக்கா என்னை எமனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாதங்கள் போன பிறகு, அடித்தண்டிலிருந்து பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப்பார்த்தது. பிறகு இன்னொன்று.

"எப்ப பூக்கும்?" என்பதுதான் உடனே வந்த கேள்வி. வேர் பிடித்து, புது இலை விட்டு, அதன்பின் சில வாரம் ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் பூத்தண்டு வரும், கேமரன் மலை என்றால் கவலையில்லை என்று வாய் தவறிச் சொல்லிவைத்தேன். இப்போது செடி ஏர்கோன் அறை ஜன்னலோரம் இருக்கிறது. இரவில் மாமா குறட்டை விடுகிற அதிர்ச்சி அதற்கு ஆகாது என்று, அவர் வெளி ஹாலில் காற்றாடிக்குக் கீழே படுக்கிறார். கரண்டு பில் வந்த அன்று என்னைத் தேடி வந்தார். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.